நம் நாட்டுப் பெரும்பல்லிகள்

நம் இல்லங்களில் வளரும் சிறுவர் சிறுமியரை அருகழைத்து, "டைனோசர்களின் பெயர்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். டிரனோசாரஸ், டிரைசெராடாப்ஸ், ஸ்டெகோசாரஸ் என்று நாக்குத் தடுமாறாமல் அடுக்கிக்கொண்டே போவார்கள். திரைப்படங்களும் பொம்மைக் கடைகளும் கற்றுத் தந்த பாடம் அது. இவை யாவும் பெரும்பாலும் அமெரிக்க மண்ணில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை. "நன்று, நம் இந்திய நாட்டில் வாழ்ந்த ஒரு டைனோசரின் பெயரைச் சொல்லுங்கள்" என்று அடுத்துக் கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். கேட்ட நாமும் அவர்களோடு சேர்ந்து விழிக்க வேண்டியதுதான்.

அவ்வாறாயின் நம் நாட்டில் டைனோசர்கள் வாழவில்லையா? வாழ்ந்தன. கோதாவரிக் கரையிலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் அவை மந்தை மந்தையாகத் திரிந்தன. நம் அரியலூர்ச் சீமையிலும் அவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. உலகிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடிய ஒன்றும் அவற்றுள் அடங்கும். அப்படியிருந்தும் அவற்றை நாம் அறியாதிருப்பது ஏன்? அவை கிடைத்த வரலாற்றையும், கிடைத்த பின்பு அவற்றுக்கு நேர்ந்த கதியையும் அறிந்தால் அதற்கான விடை கிடைக்கும்.

பெயர் பிறக்கும் முன்பே கிடைத்த எலும்பு

'டைனோசர்' என்னும் சொல்லை உருவாக்கியவர் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர். 'அஞ்சத்தக்க பல்லி' என்ற பொருளில் 1842-ஆம் ஆண்டில் அவர் அச்சொல்லை வழங்கினார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1828-இல், மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் டைனோசர் எலும்புகள் கிடைத்துவிட்டன என்பது பலரும் அறியாத செய்தி. வழிப்பறிக் கொள்ளையரான தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்று நூல்கள் கூறும் வில்லியம் ஸ்லீமன் என்ற படைத்தலைவரே, அங்குள்ள குன்றொன்றில் கல்லாய்ச் சமைந்த எலும்புகளைக் கண்டெடுத்தார்.

எந்த விலங்கினுடையவை என்று அவருக்கு விளங்கவில்லை, விளங்கியிருக்கவும் முடியாது. ஆயினும் அவற்றை அவர் வீசி எறிந்துவிடவில்லை. அவை கைமாறிக் கல்கத்தாவைச் சேர்ந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1877-இல், ரிச்சர்டு லிடேக்கர் என்ற அறிஞர் அவ்வால் எலும்புகளை ஆராய்ந்து, 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' எனப் பெயரிட்டார். 'டைட்டன்' என்போர் கிரேக்கப் புராணங்களில் வரும் பேருருவத்தினர். 'இண்டிகஸ்' என்றால் இந்தியாவைச் சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்டு, இலைதழை தின்று வாழ்ந்த மாபெரும் டைனோசர் குலமொன்று உலகெங்கும் 'டைட்டனோசர்' என்றே அழைக்கப்படுகிறது. அர்ஜென்டினாவில் கிடைத்த பூத உடல் படைத்தவைகளும் அக்குலத்தைச் சேர்ந்தவையே. அக்குலத்திற்குப் பெயர் கொடுத்தது நம் ஜபல்பூர் எலும்பு!

பெயர் பெற்ற அவ்வெலும்புகளோ பின்னர்க் காணாமற்போயின. எங்கே வைத்தோம் என்று எவருக்கும் தெரியவில்லை. பல்லாண்டுகள் தொலைந்தவை என்றே கருதப்பட்ட அவை, 2012-இல், கொல்கத்தாவிலுள்ள இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சேமிப்பிலேயே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. வீட்டிற்குள்ளேயே இருந்த பொருளை ஊரெல்லாம் தேடிய கதைதான்.

தாகூரின் பெயர் தாங்கிய விலங்கு

கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எண்களை ஆராய்வதற்கென ஏற்பட்டது. அதன் நிறுவனரான பேராசிரியர் மகலனோபிஸ் பரந்த நோக்குடையவர். தொல்லுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடைபெற வேண்டும் என்று விரும்பி, இங்கிலாந்திலிருந்து பமேலா ராபின்சன் என்னும் பெண் அறிஞரை அழைத்து வந்தார். அவர் வழிகாட்டலில் பயின்ற இளைஞர்கள் கோதாவரிப் பள்ளத்தாக்கின் காடுகளுக்குட் புகுந்து தேடலானார்கள்.

அத்தேடலுக்குப் பயன் கிட்டியது. சிரோஞ்சா வட்டாரத்தில், மரத்தண்டுகளும் எலும்புகளுமாகக் கலந்து கல்லாகிக் கிடந்த ஓரிடத்தை அவர்கள் கண்டனர். குறைந்தது ஆறு விலங்குகளைச் சேர்ந்த ஏறத்தாழ 300 எலும்புகள் அங்கே கிடைத்தன. தொடை எலும்பு ஒன்று மட்டுமே 1.7 மீட்டர் நீளம்! கவியரசர் இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு விழா 1961-இல் நாடெங்கும் கொண்டாடப்பட்ட வேளையில் இவ்வகழ்வு நடந்தது. ஆகவே 1975-இல் இவ்விலங்கிற்குப் பெயரிட்ட அறிஞர்கள், அதனைப் 'பாராபாசாரஸ் தாகூரி' என்று அழைத்தனர். வங்க மொழியில் 'பாராபா' என்றால் பெரிய கால்.

ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இவ்விலங்கு, தலை முதல் வால்வரை 14 மீட்டர் அளவு நீண்டது. அதன் எலும்புக்கூடு புள்ளியியல் நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் முழு உருவில் நிறுத்தப்பட்டுள்ளது. முழுமையான மண்டையோடு மட்டும் அகப்படவேயில்லை.

அதே கோதாவரிப் பகுதியில், யாமன்பள்ளி என்னும் சிற்றூரருகே, 12 விலங்குகளின் 840 எலும்புகள் கிடைத்தன. நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி 1988-இல் அதற்குக் 'கோட்டாசாரஸ்' எனப் பெயர் சூட்டினார். 9 மீட்டர் நீளமுள்ள அதன் எலும்புக்கூட்டை ஐதராபாத்திலுள்ள பிர்லா அறிவியல் மையத்தில் காணலாம். ஐதராபாத் செல்லும் குடும்பத்தினர் சார்மினாரோடு இதனையும் பிள்ளைகளுக்குக் காட்டுவது நன்று.

நர்மதையின் அரசன்

மேற்சொன்னவை சாதுவான இலையுண்ணிகள். இறைச்சி தின்னும் கொடிய விலங்குகளும் இங்கு இருந்தன. குஜராத் மாநிலத்தில் பாலாசினோர் அருகே ரையோலி என்றோர் ஊர் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டும் அப்பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் நிலவியல் அறிஞர்கள் எலும்புகளையும் முட்டைகளையும் கண்டனர். எந்த எலும்பு எங்கே, எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்பதைச் சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா என்னும் நிலவியலார் வரைபடமாகக் கவனத்தோடு குறித்து வைத்தார்.

அவ்வுழைப்பின் பயன் இருபது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இந்திய, அமெரிக்க அறிஞர்கள் கூடி அவ்வெலும்புகளை அவ்வரைபடத்தின் துணையோடு பொருத்திப் பார்த்தபோது, நெற்றியில் குட்டையான கொம்பொன்றைத் தாங்கிய ஒரு வேட்டை விலங்கு உருப்பெற்றது. 2003-இல் அது 'ராஜசாரஸ் நர்மதென்சிஸ்', அதாவது நர்மதையின் அரசப் பல்லி, என்ற பெயர் பெற்றது.

இவ்வரசனின் நெருங்கிய உறவினர் வாழ்ந்த இடம் மடகாஸ்கர் தீவு. கடலுக்கு அப்பாலுள்ள விலங்கு நம் நாட்டு விலங்கிற்கு உறவாவது எங்ஙனம்? இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒரே நிலமாக இணைந்திருந்தன என்பதே விடை. பின்னர் அவை பிரிந்தன. நம் நாடு ஒரு தீவைப்போல் வடக்கு நோக்கி நகர்ந்து, ஆசியாவோடு மோதி, இமயமலை எழக் காரணமாயிற்று. நிலங்கள் பிரிந்த கதையை எலும்புகளும் சொல்லுகின்றன.

முட்டைக்கருகே சுருண்ட பாம்பு

அதே குஜராத்தில் தோலி துங்கிரி என்னும் ஊரில், 1980-களில், தனஞ்சய் மோகபே என்ற நிலவியலார் ஒரு டைனோசர்க் கூட்டைக் கண்டெடுத்தார். உருண்டையான முட்டைகள், அவற்றினருகே சிறுசிறு எலும்புகள். அவையனைத்தும் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் எலும்புகள் என்றே அப்போது எண்ணப்பட்டது. 2001-இல் ஜெஃப்ரி வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அக்கல்லை உற்று நோக்கியபோது, சில முதுகெலும்புகளின் பொருத்து வேறுவிதமாக இருப்பதைக் கண்டார். அது பாம்பின் முதுகெலும்பு!

நடந்தது இதுவாக இருக்கலாம்: டைட்டனோசர் ஒன்றின் முட்டை உடைந்து, அரை மீட்டர் அளவுள்ள குஞ்சு வெளிப்படுகிறது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு கூட்டுக்குள் புகுந்து, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறது. அந்நேரத்தில் புயல்மழையால் சரிந்த சேறு, வேட்டையாட வந்ததையும் வேட்டைக்கு ஆளாகவிருந்ததையும் ஒருசேர மூடிவிடுகிறது. 6 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் அக்காட்சி அப்படியே கல்லில் உறைந்திருந்தது. 2010-இல் அப்பாம்பு 'சனாஜே இண்டிகஸ்' என்ற பெயருடன் உலகிற்கு அறிமுகமாயிற்று.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் இத்தகைய கூடுகள் 92-உம், முட்டைகள் 256-உம் கிடைத்ததாக 2023-இல் ஆய்வறிக்கை வெளிவந்தது. அம்மாவட்டத்துச் சிற்றூரொன்றில், வயலையும் கால்நடையையும் காக்கும் தெய்வமாகத் தலைமுறை தலைமுறையாக உழவர்கள் போற்றி வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகளே என்று அதே ஆண்டில் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அவ்வுழவர்களின் பக்தியே அக்கற்களை உடையாமல் காத்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

சாணத்தில் கிடைத்த நெல்லின் உறவு

எலும்பும் முட்டையும் மட்டுமல்ல, டைனோசரின் சாணமும் கல்லாகிக் கிடைக்கிறது. முகம் சுளிக்க வேண்டா. அறிவியலுக்கு அது பொன் போன்றது. மராட்டிய மாநிலத்துப் பிஸ்துரா என்னும் ஊரில் கிடைத்த சாணக் கற்களை அறிஞர்கள் பொடித்து நுண்ணோக்கியில் பார்த்தனர். புல்லின் இலைகளுள் மணல் போன்ற நுண்துகள்கள் உண்டு. புல்லின் ஓரம் கையை அறுப்பதும் அவற்றால்தான். அவை செரிப்பதுமில்லை, எளிதில் அழிவதுமில்லை. அத்துகள்கள் அச்சாணத்தில் இருந்தன.

டைனோசர் காலத்தில் புல்லே இருந்ததில்லை என்று அதுவரை கருதி வந்த அறிவுலகம் 2005-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 2011-இல் அதனினும் வியப்பான செய்தி வந்தது. அத்துகள்களுள் சில, நெல் இனத்தைச் சேர்ந்த புற்களுடையவை! நாம் நாள்தோறும் உண்ணும் சோற்றின் முன்னோரை டைனோசர்கள் மேய்ந்திருக்கின்றன.

அரியலூரில் வந்ததும் போனதும்

இனி நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் ஒருகாலத்தில் கடலுக்கடியில் இருந்தன. இன்றும் அங்கே வயல்களிலும் ஓடைகளிலும் கல்லான சங்குகளும் சிப்பிகளும் பொறுக்கலாம். அக்கடலில் நீந்திய மீன்பல்லியின் எச்சத்திற்கு லிடேக்கர் 1879-இலேயே பெயரிட்டிருக்கிறார். மீன்பல்லி என்பது டைனோசர் அன்று; மீனின் வடிவில் கடலில் வாழ்ந்து, காற்றைச் சுவாசித்து, குட்டி ஈன்ற ஊர்வனம். அதன் இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ முழுமையான 5.5 மீட்டர் எலும்புக்கூடு ஒன்று கட்ச் பகுதியில் கிடைத்தது 2017-இல் அறிவிக்கப்பட்டது.

அரியலூர் அருகே கல்லமேடு என்னுமிடத்தில், அந்தப் பழங்கடலின் கரையோர நிலத்தில், டைனோசர் எலும்புகள் இருப்பதைச் சார்லஸ் மாட்லே என்பவர் 1929-இல் எழுதினார். அதே இடத்தில் பின்னாளில் யாதகிரியும் அய்யாசாமியும் மாபெரும் எலும்புகள் சிலவற்றைக் கண்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர். நெடிய மனிதர் ஒருவர் அருகில் நின்றாலும் எலும்பே உயரமாக இருந்திருக்கும்! 1987-இல் அவர்கள் அதற்குப் 'பிருகத்காயசாரஸ் மாட்லேயி' என்று பெயரிட்டனர். பிருகத்காயம் என்றால் பேருடல். தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் பிரகதீஸ்வரர் என்ற பெயரில் உள்ளதும் அதே சொல்தான்.

முதலில் அதனை இறைச்சி தின்னும் விலங்கென்றே கருதினர். டைட்டனோசர் குலத்தைச் சேர்ந்த இலையுண்ணி என்று பின்னர்த் தெளிந்தனர். 2023-இல் வெளிவந்த கணக்கீடு ஒன்று அதன் எடையை 110 முதல் 130 டன்வரை இருந்திருக்கலாம் என்கிறது. இருபது யானைகளுக்கும் மேற்பட்ட எடை! அது மெய்யானால், நிலத்தில் நடமாடிய விலங்குகளுள் இதுவே முதலிடத்திற்கு உரிமை கோரத்தக்கது.

ஆனால் அதைக் காட்ட இன்று நம்மிடம் எலும்பு இல்லை. கல்லமேட்டு எலும்புகள் எளிதில் உதிரும் நிலையில் இருந்தன. மழைநீரில் ஊறியும் வெயிலில் வெடித்தும், பாதுகாப்பான இடத்தைச் சேரும் முன்பே அவை சிதைந்து போயின. எஞ்சியவை சில வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. எலும்பு இல்லாமையால், "அது வெறும் கல்மரமாக இருக்கலாம்" என்று வெளிநாட்டு அறிஞர் சிலர் ஐயுற்றனர். 2022-இல் பழைய ஒளிப்படங்கள் அச்சில் வெளியான பின்பே அவ்வையம் பெரும்பாலும் நீங்கிற்று.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் அருகிலேயே உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்றை எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தார். அது வேலியிட்டுக் காக்கப்பட்டு, வருவோர்க்கெல்லாம் இன்றும் காட்சி தருகிறது. மரம் நின்றது, விலங்கு மறைந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் கல்லின் உறுதிக்கும் பங்குண்டு. மனிதரின் கவனிப்புக்கும் பங்குண்டு.

நாம் செய்யத்தக்கவை

கிடைத்த பொருள் காக்கப்பட்டால் என்றேனும் ஒருநாள் அது தன் கதையைச் சொல்லும். கட்ச் பகுதியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமொன்றில் 2005-இல் எடுக்கப்பட்ட முதுகெலும்புகள் முதலையினுடையவை என்று கருதப்பட்டுப் பல்லாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கிடந்தன. பின்னர் அவற்றை மறுபடி ஆராய்ந்தபோது, 11 முதல் 15 மீட்டர்வரை நீண்ட மாபெரும் பாம்பு அது என்று தெரியவந்தது. 2024-இல் அதற்கு 'வாசுகி இண்டிகஸ்' என்று பெயரிட்டனர். எலும்பு இருந்தது, ஆகவே தவறு திருந்தியது. கல்லமேட்டில் அந்த வாய்ப்பு நமக்கு இல்லை.

புதைபடிவங்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று அறிஞர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். 2022-இல் நடுவண் அரசு அதற்கான முன்வரைவை வெளியிட்டது. சட்டம் செய்வது அரசின் கடமை. ஆயினும் ஏர் ஓட்டும்போதும், கிணறு வெட்டும்போதும், ஏரி தூர்வாரும்போதும் முதலில் அவற்றைக் காண்பவர்கள் நம்மைப் போன்ற எளிய மக்களே.

அவ்வாறு எதையேனும் கண்டால், ஆர்வத்தால் அதனை உடைத்துப் பார்த்தலோ பெயர்த்தெடுத்தலோ கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்கோ கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தெரிவித்தல் வேண்டும். ஓர் எலும்பு எங்கே, எந்தப் பாறையடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதன் மதிப்பில் பாதி போய்விடும். அதேபோல், ஆராயாமல் ஆரவாரம் செய்தலும் தகாது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது "டைனோசர் முட்டை" என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. நிலவியலார் வந்து பார்த்து, அவை பழங்கடலின் படிவுகள் திரண்டு உருவான உருண்டைகள் என்று தெளிவுபடுத்தினர். முட்டையன்று என்பதால் அவை மதிப்பற்றவை ஆகிவிடா. அவ்வூர் கடலாக இருந்ததற்கு அவையும் சான்றுகளே.

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்வோம். சாத்தனூர்க் கல்மரத்தையும் தொட்டுக் காட்டுவோம். டிரனோசாரஸை அறிந்த பிள்ளைகள் பிருகத்காயசாரஸையும் அறியட்டும். நாளை கல்லமேட்டில் இன்னோர் எலும்பு வெளிப்படுமானால், அதனை அடையாளம் கண்டு, அடுத்த மழைக்கு முன் பத்திரப்படுத்த வேண்டியவர்கள் அவர்களே.